எந்தச் சுவரில் செருகப் பிறந்தது? – சிங்கப்பூரில் ஐந்து நாள், பழைய வீடியோ கேம் பெட்டிகள்

முதல் நாள், சனி: ஜாலான் புசார், ரோச்சோர்

சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை இப்போது இல்லை. 1930களில் தொடங்கிய அந்தத் தெருவோரச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துபோனது. பழைய பொருள் தேடி ஊரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் அந்தப் பெயரை நம்பித்தான் கிளம்புகிறார்கள். ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, சந்தை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்; அவ்வளவுதான். இன்று சரக்கு வருவது மூன்று வழியில்: பழைய பொருள் விற்கும் கரூசெல் செயலி, வாரக்கடைசிச் சந்தைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் ஹாரன் அடித்துக்கொண்டு பழைய சாமான் எடுக்கும் கராங்குனிக்காரர்கள். மூன்றாவது வழியில் வருவதுதான் மலிவு. ஆனால் வயர் அறுந்து, பெட்டி தனியாக, அடாப்டர் தனியாக வரும்.

முதல் நாளைக் கருவிக்கே ஒதுக்குவது நல்லது. சிம் லிம் டவரில் எலெக்ட்ரானிக் உதிரிக் கடைகள் உண்டு. பையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், பி.எச்.1, பி.எச்.2 ஸ்க்ரூடிரைவர், பத்து மடங்கு உருப்பெருக்கி, சின்ன டார்ச், ஆறு பென்டார்ச் பேட்டரி போடும் பிளாஸ்டிக் கூடு ஒன்று, அதற்கு 3.5 மி.மீ. மோனோ பிளக் ஒன்று. ஆறு பேட்டரி சேர்ந்தால் 9 வோல்ட். சதுர 9 வோல்ட் பேட்டரி ஒன்றே போதாதா என்று கேட்கலாம். பாங் வகைப் பெட்டிக்கு (திரையில் மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்) போதும், அது சில பத்து மில்லிஆம்பியர்தான் இழுக்கும். அட்டாரி 2600 அப்படியல்ல. அதன் அடாப்டரிலேயே 500 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கும். சதுர பேட்டரி அதன் முன் மூச்சுத் திணறி 7 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். நல்ல பெட்டியைச் செத்த பெட்டி என்று நினைத்து விட்டுவிட்டு வருவோம்.

ஏன் சிங்கப்பூர்? இது துறைமுகம் என்பதால். ஜப்பானிலிருந்து ஒன்று, ஹாங்காங்கிலிருந்து ஒன்று, பிரிட்டனிலிருந்து வந்தவர் வீட்டிலிருந்து ஒன்று, அமெரிக்கக் கம்பெனிக்காரர் விட்டுப்போனது ஒன்று என நாலு திசைப் பெட்டியும் ஒரே மேசையில் கிடக்கும். ஆகவே இங்கே முதல் கேள்வி "என்ன மாடல்?" அல்ல. "இது எந்த நாட்டுச் சுவரில் செருகப் பிறந்தது?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்தால் அடாப்டர், படம், சத்தம் மூன்றுக்கும் பதில் கிடைத்த மாதிரி.

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அனலாக் ஒளிபரப்பு இருந்தவரை டிவி சிக்னல் பால்-பி (PAL-B) முறை; அதில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவிலும் அதே. ஹாங்காங்கும் பிரிட்டனும் பால்-ஐ முறை. அங்கே இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. (NTSC) முறை, 4.5 மெகாஹெர்ட்ஸ். ஹாங்காங் பெட்டியை உள்ளூர் டிவியில் மாட்டினால் படம் பளிச்சென்று வரும், சத்தம் மட்டும் வராது, அல்லது "ஸ்ஸ்" என்று இரையும். பலர் இதைப் பழுது என்று விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவனுக்கு லாபம்.

இரண்டாம் நாள், ஞாயிறு: சைனா ஸ்குவேர் சென்ட்ரல்

ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மை, சேகரிப்புப் பொருள் விற்கிறவர்கள் கூடுவதால் பெயர்பெற்ற இடம். பெரும்பாலும் உருவ பொம்மைகளும் கார்களும்தான். கேம் பெட்டி தேடுகிறவர்கள் மேசைக்கு மேலே பார்க்காமல் மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

இங்கே யாரும் "பாங்" என்று சொல்வதில்லை. "டிவி கேம்", இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் "அட்டாரி". ஆரஞ்சு நிறப் பெட்டி, இரண்டு குமிழ், முகப்பில் டென்னிஸ், சாக்கர், ஸ்குவாஷ் என்று எழுதியிருந்தால் பெயர்ப்பலகையை மறந்துவிடலாம். பைனடோன், ஹானிமெக்ஸ், கோனிக் என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ஒரே சிப்: ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி 1976இல் விற்பனைக்கு விட்ட ஏ.ஒய்.-3-8500. 28 கால். டென்னிஸ், சாக்கர், ஸ்குவாஷ், தனிப்பயிற்சி, துப்பாக்கி இரண்டு என ஆறு ஆட்டம் அதில் அடக்கம். எண்ணுக்குப் பின்னால் "-1" இருந்தால் என்.டி.எஸ்.சி. டிவிக்கானது, இல்லாவிட்டால் பால் டிவிக்கானது. 15 புள்ளியில் ஆட்டம் நின்றால் இந்தக் குடும்பம்தான் என்று திறக்காமலேயே சொல்லிவிடலாம்.

இந்த ரகத்தில் சத்தப் பிரச்சினையும் குறைவு. பலவற்றில் உள்ளேயே சின்ன ஸ்பீக்கர் இருக்கும். ஹாங்காங் பெட்டியானாலும் டிவியை நம்பி இருக்காது.

மேசையிலேயே செய்யக்கூடிய சோதனை: பேட்டரி அறையைத் திற. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அல்கலைன் கசிவு, அது காரம். வினிகர் தொட்ட பஞ்சு போதும். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரி கசிந்தது அமிலத்தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடா கரைசல். மாற்றிப் போட்டால் சுத்தம் ஆகாது. பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முடிக்க வேண்டும். கசிவு ஸ்பிரிங்கோடு நின்றதா, வயர் வழியே ஊறிப் போர்டுக்குப் போனதா என்பதைப் பார். வயரின் முனையை அரை அங்குலம் உரித்துப் பார்; செம்பு கறுத்திருந்தால் அந்த வயரில் சால்டர் ஒட்டாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

மின்சாரம் கொடுத்தும் படம் இல்லையென்றால் சிப்பின் 2ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே மீட்டரை வை: 2 தரை, 4 மின்னழுத்தம். 6 முதல் 7 வோல்ட் இருக்க வேண்டும். 3ஆம் கால் சத்தம், 6 பந்து, 9ம் 10ம் வலது இடது மட்டைகள், 16 ஒத்திசைவு, 24 ஸ்கோரும் மைதானக் கோடும். மட்டை தெரிகிறது, பந்து தெரியவில்லை என்றால் சிப்பைச் சந்தேகிக்கும் முன் 6ஆம் காலிலிருந்து கிளம்பும் டயோடையோ ரெசிஸ்டரையோ பார். இந்த நாலைந்து சிக்னலையும் ஒன்றாகக் கூட்டித்தான் மாடுலேட்டருக்கு (டிவியின் ஆன்டெனா வழியே போகும்படி சிக்னலை மாற்றும் பகுதிக்கு) அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டும் இடத்திலிருந்து ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர் வழியாக, 75 ஓம் ரெசிஸ்டரோடு வெளியே எடுத்தால் நேரடி வீடியோ கிடைத்துவிடும்; பால்-பியா பால்-ஐயா என்ற தொல்லையே இல்லை. பழைய மாடுலேட்டரை மட்டும் தூக்கி எறியாதீர்கள். வயரைக் கழற்றி அப்படியே உள்ளே விட்டுவிடுங்கள். பின்னாளில் வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கேசட் போடும் பாங் என்று ஒரு வினோத ரகமும் உண்டு: பிசி-50எக்ஸ் குடும்பம், எஸ்.டி.-050 போன்ற எண்களில் பல பெயர்களில் விற்றது. இதில் கேசட்டுக்குள்ளேதான் கேம் சிப் இருக்கிறது. பெட்டியில் மூளை எதுவும் இல்லை. கேசட் இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்குவது குடத்தை விட்டுவிட்டுச் சும்மாட்டை வாங்குகிற மாதிரி. கேசட்டை மட்டும் வாங்கினால், அதில் உள்ள சிப்பை எடுத்து வேறு பெட்டிக்கு உயிர்கொடுக்கலாம். அதைச் செய்ய மனம் வருமா என்பது வேறு.

முதன்முதல் பெட்டியான மேக்னவாக்ஸ் ஒடிசி (1972, ரால்ஃப் பேயரின் வடிவமைப்பு) இங்கே கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். கிடைத்தால் ஒன்றை எண்ணுங்கள்: ஆறு கேம் கார்டு. அதில் நிரல் எதுவும் இல்லை. வெறும் இணைப்புக் கோடுகள். ஆனால் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் குறையும். டிவித் திரையில் ஒட்டும் வண்ணத் தாள்கள் இரண்டு அளவில் வந்தன. மடிப்பு விழாமல் இருந்தால் பெட்டியை விட அவைதான் அரிது.

மூன்றாம் நாள், திங்கள்: யீஷூன்

இன்று கரூசெல் வழி வந்த அழைப்பு. வீவக புளோக்கின் கீழ்த்தளம், கல் மேசை, எதிரே கோப்பிக்கடை. விற்பவர் தமிழ்ப் பெண்மணி.

"தம்பி, இது அப்பா வாங்குனது. கரண்ட் போகுது, ஆனா படம் வரல. பழுதுன்னு போட்டிருக்கேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டோம்க்கா. திறந்து பாக்கலாமா?"

"திறங்க. ஸ்க்ரூ மட்டும் தொலைச்சிராதீங்க."

மரநிற முகப்பு, மேலே ஆறு சுவிட்ச்: அட்டாரி விசிஎஸ், பின்னாளில் 2600 என்று அழைக்கப்பட்டதும் இதுவே. ஆறு சுவிட்ச் என்றதும் "ஹெவி சிக்ஸர்" என்று விலை ஏற்றுவது இணையத்தின் வழக்கம், அந்தப் பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1977இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் செய்த முதல் தொகுதிக்குத்தான் அந்தப் பெயர். அதில் அடிப்பக்க பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிகிற அளவு தடிமன், முன் விளிம்பு உருண்டு வளையும், கையில் எடுத்தால் எடை சொல்லும், அடியில் ஸ்டிக்கரில் சன்னிவேல் என்றிருக்கும். அடுத்த ஆண்டிலிருந்து ஆசியாவில் செய்தது மெல்லிய அடி, கூரான விளிம்பு: லைட் சிக்ஸர். 1980இல் நாலு சுவிட்ச், சி.எக்ஸ்.2600ஏ. 1982இல் மரநிறம் போய் முழுக்கறுப்பு. 1986இல் சின்ன ஜூனியர்.

ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். மேல்மூடியும் அடிமூடியும் மாற்றிப் பூட்டிய பெட்டிகள் சந்தையில் சுற்றுகின்றன. நம்பத் தகுந்தது சிப்பின் முதுகில் உள்ள நாலு இலக்கம்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7748 என்றால் 1977இன் 48ஆவது வாரம். போர்டில் உள்ள எல்லா சிப்பிலும் பார்த்து, மிகப் புதியதை எடுத்துக்கொள். பெட்டி அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. எல்லாம் 1978இல் இருக்க, ஒன்று மட்டும் 8420 என்றால் அது பின்னால் மாற்றிய சிப்.

இங்கே ஒரு பொறி. பல பெட்டிகளில் சின்ன லாஜிக் சிப்புகளின் மேல் "சிங்கப்பூர்" என்றே அச்சிட்டிருக்கும். உடனே "சிங்கப்பூரில் செய்த அட்டாரி" என்று விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1960களின் இறுதியிலேயே நேஷனல் செமிகண்டக்டர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவை இங்கே ஆலை வைத்துவிட்டன. அந்தச் சொல் சிப்பை எங்கே உறையிட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறது. பெட்டி எங்கே பூட்டப்பட்டது என்பதற்கு அது சாட்சியல்ல.

அடுத்து, எந்தச் சுவர்? இரண்டு அடையாளம். வீடியோ சிப்பான டியாவின் எண் சி.ஓ.10444 என்றால் என்.டி.எஸ்.சி.; சி.ஓ.11903 என்றால் பால். இரண்டாவது கிறிஸ்டல், அந்தத் தகர உறையில் எழுதியிருக்கும் எண்: 3.579545 என்றால் அமெரிக்கா, 3.546894 என்றால் பால். டார்ச்சும் உருப்பெருக்கியும் இதற்குத்தான். அமெரிக்கப் பெட்டி இந்த ஊர்ப் பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாக, மேலே உருண்டு ஓடும் படமாக வரும், பழுதில்லை, அவ்வளவுதான். பால் பெட்டியில் அமெரிக்க கேசட்டைப் போட்டால் ஓடும், நிறங்கள் மாறிவிடும்.

அக்காவின் பெட்டி பால். படம் வராததற்கு மூன்று காரணம் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் அடாப்டர்: நுனி பாசிட்டிவ், 9 வோல்ட் டி.சி. கடைகளில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடாப்டரில் துருவத்தைத் திருப்பி வைத்துச் செருகியிருந்தால் உள்ளே 7805 ரெகுலேட்டர் போயிருக்கலாம். அதன் வெளியேறும் காலில் 5 வோல்ட் இருக்கிறதா பார். இரண்டாவது கேசட் விளிம்பு: இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், செம்புக் கோடு பச்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால், அழுக்கு வராத வரை. ஊதக்கூடாது, எச்சில் ஈரம்தான் பச்சைக்கு உரம். மூன்றாவது பவர் பகுதியின் 2200 மைக்ரோபாரட் மின்தேக்கி: வற்றிப்போனால் திரையில் அகலமான பட்டை மேலேறும். 16 வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி ரகம் வாங்கி மாற்ற வேண்டும்.

இந்தப் பெட்டியில் குறை இரண்டாவது. கேசட்டின் பதினைந்தாவது துடைப்பில் படம் வந்தது. சொன்ன விலையையே கொடுத்தாயிற்று. பேரம் பேசியிருந்தால் முகம் பார்க்க முடியாது.

ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு தகவல். முதல் பெட்டிகளோடு வந்தது சி.எக்ஸ்.10: உள்ளே உலோக ஸ்பிரிங், ரப்பர் மேல் "டாப்" என்ற சொல் கிடையாது. பிறகு வந்த சி.எக்ஸ்.40இல் அந்தச் சொல் உண்டு, ஸ்பிரிங் இல்லை. மட்டையை நகர்த்தும் பேடில் குமிழைத் திருப்பும்போது மட்டை நடுங்கினால் உள்ளே 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டரில் கார்பன் தூசி. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, முப்பது முறை கோடிக்குக் கோடி திருப்பு.

நாலாம் நாள், செவ்வாய்: தேக்கா

சிராங்கூன் சாலையில் காலை தோசைக்குப் பின் ஜப்பான் பக்கம். 1983 ஜூலை 15இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் இங்கே நிறைய வந்திருக்கிறது, கூடவே அதன் போலிகளும்.

அசல் ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. அதைச் சிங்கப்பூர்ச் சுவரில் செருகினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி நாறும், வெளியே இரண்டு மடங்குக்கு மேல் மின்னழுத்தம் வரும். பெட்டி நலமா என்று கேட்குமுன் "அடாப்டர் எரிஞ்சுதா?" என்று கேளுங்கள். மாற்று: 230 வோல்ட் எடுக்கும் நவீன அடாப்டர், வெளியீடு 9 அல்லது 10 வோல்ட் டி.சி., 1 ஆம்பியர், மையம் நெகட்டிவ். அட்டாரிக்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே பையில் வைக்கிறவர்கள் வயரில் வண்ண டேப் சுற்றிக்கொள்ளலாம். இந்தத் தவறுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

படம் வராததற்கு இன்னொரு காரணம்: ஃபேமிகாம் அனுப்புவது ஜப்பானின் 1 அல்லது 2ஆம் சேனலில், அதாவது 91.25 அல்லது 97.25 மெகாஹெர்ட்ஸில். நம் ஊரில் அது எஃப்.எம். வானொலி இருக்கும் இடம். உள்ளூர் டிவி அங்கே தேடவே தேடாது. பெட்டியின் போர்டிலிருந்து நேரடி வீடியோ எடுக்க வேண்டும், அல்லது 1993இன் ஏ.வி. ஃபேமிகாம் வாங்க வேண்டும். வயதைச் சொல்வது பட்டன்: ஏ, பி இரண்டும் சதுர ரப்பராக இருந்தால் ஆரம்பத் தொகுதி. அவை ஓரத்தில் மாட்டிக்கொண்டதால்தான் வட்டத்துக்கு மாறினார்கள்.

போலி என்றால் ஒதுக்க வேண்டியதில்லை. இப்பகுதியில் பரவிய டைவான் மைக்ரோ ஜீனியஸ் போன்றவற்றை இங்கே பிள்ளைகள் அசலைவிட அதிகம் தொட்டிருப்பார்கள். திறந்து பாருங்கள். யு.எம்.சி. கம்பெனியின் யு.ஏ.6527, யு.ஏ.6538 என்று தனித்தனி சிப்பாக இருந்தால் பழுது பார்க்கலாம், சேகரிக்கவும் தகும். கறுப்புத் தார் உருண்டை ஒன்று மட்டும் போர்டில் உட்கார்ந்திருந்தால் அது பின்னாள் சரக்கு, கெட்டால் கெட்டதுதான். கிறிஸ்டல் 21.477 என்றால் ஜப்பான் முறை, 26.601 என்றால் பால். பால் போலியில் ஜப்பான் கேசட் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுக்கும். கேசட் கால் 60. அமெரிக்க, ஐரோப்பிய நின்டெண்டோவுக்கு 72.

கலெகோவிஷன், இன்டெலிவிஷன் என்ற அமெரிக்கப் பெட்டிகள் இங்கே அபூர்வம். கலெகோவிஷன் கிடைத்து, திரையில் குப்பை எழுத்து வந்தால் முதலில் பவர் சுவிட்ச்சைச் சுத்தம் செய்க. அதன் நினைவக சிப்புக்கு +12, +5, -5 மூன்றும் வேண்டும். சுவிட்ச்சில் படிந்த ஆக்சைடு அதில் ஒன்றைத் தின்றுவிடும். சிப்பை மாற்றிவிட்டுப் பிறகு சுவிட்ச்சைப் பார்ப்பது பலர் செய்யும் செலவு.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கிச் சிங்கப்பூர் முகவரிக்கு அனுப்பச் சொல்கிறவர்களுக்கு: 2023 முதல் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) குறைந்த பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 சதவீதம். விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தலாம்.

ஐந்தாம் நாள், புதன்: மூட்டை கட்டுதல்

பேட்டரிகளை எல்லாம் கழற்றியாயிற்று. ஆல்கஹால் புட்டியை விமானத்தில் ஏற்ற முடியாது. மிச்சத்தை இங்கே வேண்டியவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மரநிற ஸ்டிக்கரின் மேல் டேப் ஒட்டக்கூடாது, உரிக்கும்போது மரமும் வரும். சுவிட்ச்சுகள் மேல்நோக்கி நிற்பதால் அவற்றைச் சுற்றி அட்டையில் பள்ளம் வெட்டி வைக்க வேண்டும். உடைவது எப்போதும் அந்த உலோகக் குச்சிகள்தான். கேசட்டுகளை சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் பையில். இங்கேயே வைத்திருக்கிறவர்கள் கேமராக்காரர்கள் வைக்கும் உலர் அலமாரியில் 45 சதவீத ஈரப்பதத்தில் வைக்கலாம். அதற்கும் கீழே போனால் பழைய ஸ்டிக்கரின் பசை காய்ந்து உரியும்.

ஊருக்குப் போனபின் ஒன்று மட்டும் மாறும்: சதுரக்கால் பிளக் நம் சுவரில் ஏறாது. மின்னழுத்தமும் டிவி முறையும் இரண்டு ஊரிலும் ஒன்றே. சிங்கப்பூர் டிவியில் பேசிய பெட்டி அங்கேயும் பேசும். யீஷூன் பெட்டியின் அடியில் நாலு ஸ்க்ரூவும் எண்ணிச் சரிபார்த்தாயிற்று.